பஸ்ராவில் கரண்ட் போனால் சிரிப்பவர்களுக்கு

ஈராக்ல பஸ்ரா ஊருல கரண்ட் இல்லைன்னு நேத்து வந்த பதிவுக்குக் கீழ ஒருத்தர் எழுதினதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "எண்ணெய்க் கிணத்து மேலயே உட்கார்ந்திருக்கான், வீட்டுல கரண்ட் இல்லையாம். சோம்பேறிப் பசங்க." அதுக்கு அத்தனை சிரிப்பு. சிரிச்சதுல என்கூடப் படிச்சவங்களும் இருக்காங்க.

பஸ்ரா பக்கம், கேஸை எரிச்சு டர்பைனைச் சுத்த வெச்சு கரண்ட் எடுக்குற ஒரு மின் நிலையத்துல மூணு வருஷம் மெயின்டனன்ஸ்ல இருந்தவன் நான். எண்ணெய் வேற, கரண்ட் வேறங்க. டர்பைனுக்கு வேண்டியது சுத்தமான கேஸ். எண்ணெயோட சேர்ந்து வர்ற கேஸைப் பிடிச்சு, சுத்தம் பண்ணி, குழாயில அனுப்பணும். அந்த வசதி போதாததால கிணத்தடியிலயே கொளுத்துறாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது வானத்து ஓரமெல்லாம் எரிஞ்சிட்டிருக்கும். அதே நாடு ஈரான்கிட்ட கேஸை விலைக்கு வாங்கிட்டிருந்துச்சு. நாட்டோட மின்சாரத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அதை நம்பி இருந்துச்சு.

கேஸ் பிரஷர் இறங்கினா கச்சா எண்ணெயில ஓட்டுவோம். அப்புறம் மெஷினைத் திறந்தா பிளேடுல சாம்பல் ஓடு மாதிரி படிஞ்சிருக்கும், நகத்தால சுரண்டினா பெயராது. அதுவும் 50 டிகிரி வெயில்ல டர்பைனோட சக்தியே குறைஞ்சிடும். ஏசி எல்லாம் ஓடுற அந்த நேரத்துலதான்! 2025 ஆகஸ்ட் 12 அன்னைக்கு மத்திய ஈராக், தெற்கு ஈராக் மொத்தமும் இருண்டதும் அப்படி ஒரு வெயில்லதான்.

"ஊழல் இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. 2018 ஜூலையில அதைக் கேட்டுத்தான் பஸ்ரா சனங்க தெருவுக்கு வந்தாங்க, குண்டடி பட்டுச் செத்தாங்க. சோம்பேறிங்களா அவங்க?

"ஈரானை ஏன் நம்பணும்?" 1991ல குண்டு போட்டு மின் நிலையங்களை உடைச்சது யாரு? அமெரிக்கக் கூட்டணி. 2003 வரைக்கும் தடை போட்டு ஸ்பேர் பார்ட்ஸுக்கே அல்லாட விட்டது யாரு? ஐ.நா. சபை. 2003ல அமெரிக்கப் படையெடுப்பு, 2014ல ஐஎஸ் தீவிரவாதிங்க. இதுக்கு நடுவுல எப்பய்யா கேஸ் பிளான்ட் கட்டுறது?

கூட வேலை பார்த்த ஒரு ஃபிட்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெரு ஜெனரேட்டர்காரர்கிட்ட ஆம்பியர் கணக்குல காசு கட்டி ஒரு ஃபேன், ரெண்டு லைட். அவங்கம்மா ஈரத் துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு பேரன் நெத்தியில போட்டுட்டே இருந்தாங்க. அரசாங்கக் கரண்டை அங்க 'வதனியா'ம்பாங்க. அது வந்ததும் தெருவே கத்துச்சு. அந்தம்மா துணியைக் கீழ வெச்சுட்டு எனக்கு டீ போட எழுந்தாங்க.

அந்த வீட்டுல சாப்பிட்டிருக்கேன் நான். சிரிச்ச நண்பர்கள் அந்த ஹாஹாவை எடுத்துடுங்க.