ஏற்கவா, அழிக்கவா என்று கேட்கும் திரை

பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரு சர்வரை வாங்கி, அதில் நான்கு டிஸ்குகளைப் பூட்டி, கணக்குகளையும் கோப்புகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைப்பது பேராசை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு உட்காருகிற ஒவ்வொருவரும் தரவு மையத்தில் பழுத்த அனுபவம் பெற்றவர் என்று எண்ணிக்கொண்டுதான் சர்வர் நிறுவனங்கள் தங்கள் அமைப்புத் திரைகளைத் தயாரிக்கின்றன. விற்கும்போது மட்டும் "சிறு தொழில்களுக்கென்றே உருவாக்கப்பட்டது" என்கிறார்கள். வாங்கிய பிறகு, பின்னால் எளிதில் மாற்ற முடியாத முடிவுகளை எல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்; எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும் என்று ஒரு வரி எழுதிவைக்க மட்டும் அவர்களுக்கு மனம் வருவதில்லை.

பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி வைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர்; அதில் எந்த நிலை வேண்டும் என்பது முதல் கேள்வி. நான்கு டிஸ்குகள் என்று சொன்னவுடனே பல விற்பனையாளர்கள் யோசிக்காமல் ரெய்டு 5 என்கிறார்கள், ஏனென்றால் ஒரு டிஸ்க் பழுதானால் தாங்குவதற்காக ஒரு டிஸ்கின் இடத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால் மூன்றின் கொள்ளளவு கைக்கு வந்துவிடுகிறது. டிஸ்குகள் சில நூறு ஜிகாபைட் அளவில் இருந்த காலத்துக்கு அது சரியான கணக்கு. இன்று 18 டெராபைட் டிஸ்க் ஒன்று பழுதாகிப் புதியதைப் பூட்டினால், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் மீளமைப்பு முடிய 25 மணி நேரம் ஆகும். அலுவலக வேலையும் உடன் நடந்தால் அது நாட்கணக்கில் இழுக்கும். அவ்வளவு நேரமும் மீதி மூன்று டிஸ்குகளும், அதாவது 54 டெராபைட்டும், ஒரு பிழையும் இன்றிப் படிக்கப்பட வேண்டும். அந்த மூன்றும் பெரும்பாலும் பழுதானதோடு ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒரே சூட்டில் ஒரே அளவு உழைத்தவை. மேசைக் கணினிக்கான டிஸ்குகள் பலவற்றின் விவரத்தாளில், 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளைப் படிப்பதற்குள் ஒருமுறை படிக்க முடியாத பிழை வரலாம் என்று எழுதியிருக்கிறது. அது ஏறத்தாழ 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தயாரிப்பாளரே எழுத்தில் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, "இவ்வளவு பெரிய டிஸ்குகளுக்கு, இரண்டு டிஸ்குகள் பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 அல்லது டிஸ்குகளை இரண்டிரண்டாக நகலெடுத்து வைக்கும் ரெய்டு 10 நல்லது" என்று ஓர் எச்சரிக்கை காட்ட அந்தத் திரைக்கு என்ன கேடு?

டிஸ்க் வாங்கும் இடத்தில் நடப்பது இதைவிட மோசம். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் டிஸ்குகளில் இடைவிடாமல் எழுதினால் வேகம் படுத்துவிடும், ஆகவே ரெய்டு மீளமைப்புக்கு அவை ஆகாதவை. அப்படியிருந்தும் நெட்வொர்க் சேமிப்புக்கென்று விற்ற ரெட் வரிசையின் சில டிஸ்குகளில் இந்த முறை இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான், 2020இல் வெளிப்படையாகச் சொன்னது. இன்னொன்று நேரக் கெடு. ரெய்டுக்கான டிஸ்க், படிக்க முடியாத இடத்தில் ஏறத்தாழ 7 நொடிகள் போராடிவிட்டுப் பிழையென்று அறிவித்துவிடும். மேசைக் கணினி டிஸ்கோ ஒரு நிமிடத்துக்கு மேலும் முட்டிக்கொண்டிருக்கும். டிஸ்குகளை நிர்வகிக்கும் கருவியான கன்ட்ரோலர் அது செத்துவிட்டதாக முடிவுகட்டி, நன்றாக இருக்கும் டிஸ்கைத் தொகுதியிலிருந்து தள்ளிவிடும். இத்தனை முக்கியமான விவரம் பெட்டியின்மீது இருக்காது. பெரிய எழுத்தில் கொள்ளளவு மட்டும் இருக்கும். அந்தக் கொள்ளளவும் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட்டுச் சொன்னதுதான்; விண்டோஸ் 1024 மடங்காகக் கணக்கிடுவதால், 4 டெராபைட் என்று வாங்கியதை 3.63 என்று காட்டும். டிஸ்கைச் சர்வருக்குள் பொருத்தும் சட்டமான டிரேயைக் காலியாகத் தனியே விற்காமல், டிரே வேண்டுமென்றால் எங்கள் டிஸ்கைத்தான் வாங்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் வியாபாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

ஒரு வழியாகத் தொகுதியை அமைத்து முடித்தால், இயங்குதளத்தை நிறுவும் நிரலின் கண்ணுக்குப் பல நேரங்களில் ஒரு டிஸ்கும் தெரிவதில்லை. கன்ட்ரோலரை இயங்குதளத்துக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளை வேறொரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். சர்வரை எழுப்பும் பழைய முறையான பயாஸில், டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் நிறுவிவிட்டால் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடம் பயன்படாமல் கிடக்கும். அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய முறைகளான யூஈஎஃப்ஐ, ஜிபிடி இரண்டுக்கும் மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

நிறுவும்போது வரும் இந்தத் தொல்லைகள் நேரத்தைத்தான் தின்னும், தரவைத் தின்னாது என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, டிஸ்கில் உள்ள ரெய்டு குறிப்பு கன்ட்ரோலரின் பதிவோடு ஒத்துப்போகாதபோது, அந்நிய அமைப்பைக் கண்டதாகச் சொல்லும் திரை. கன்ட்ரோலரை மாற்றினாலோ, கேபிள் தளர்ந்து விலகிய டிஸ்க் திரும்பி வந்தாலோ, அந்த அமைப்பை ஏற்கவா, அழிக்கவா என்று அது கேட்கும். இரண்டு தேர்வுகளும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். அழித்தால் அந்த டிஸ்குகள் எந்த வரிசையில் சேர்ந்திருந்தன, தரவு எந்த அளவுத் துண்டுகளாக அவற்றில் பரவியிருந்தது என்ற குறிப்பு போய்விடும். தரவு டிஸ்கிலேயே கிடந்தாலும், அதைக் கோத்தெடுக்க தரவு மீட்புக்கூடத்தின் வாசலில் நிற்க வேண்டும். ஏற்பதும் எப்போதும் நல்லதென்று சொல்ல முடியாது, விலகிய டிஸ்கில் இருப்பது பழைய தரவாக இருக்கலாம். எந்த டிஸ்க் எப்போது விலகியது, எதில் புதிய தரவு இருக்கிறது என்பதைக் கேள்விக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டாமா? நள்ளிரவில் சர்வர் எழும்பாமல், காலையில் ஊழியர்கள் வந்துவிடுவார்களே என்று கைநடுங்க உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது?

ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்கும் விற்பனையாளர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதில்: ஓர் ஊழியர் தவறுதலாக அழித்த கோப்பு, ஒன்றில் எழுதுவதை மற்றொன்றும் கண்ணாடிபோல் அப்படியே எழுதிக்கொள்ளும் இரண்டு டிஸ்குகளிலும் அதே நொடியில் அழியும்.

இவ்வளவுக்கும் மேலாக, டிஸ்க் பழுதானால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி பல சர்வர்களில் அணைக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. முதல் டிஸ்க் போனதும் பூட்டிய அறைக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இரண்டாவது போகும் நாளில்தான் அலுவலகத்துக்கே விஷயம் தெரியும். உத்தரவாதத்தைப் பதிவுசெய்யவும் புதிய மாடல்களின் விளம்பரத்தை அனுப்பவும் எங்கள் மின்னஞ்சல் முகவரியை முதல் நாளே கேட்டு வாங்கத் தெரிந்த இந்த நிறுவனங்களுக்கு, டிஸ்க் செத்த செய்தியை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதே நாளில் கேட்க மட்டும் ஏன் வாய் வருவதில்லை?