பின் இருக்கையில் உட்காருபவள் பேசுகிறேன்

இரண்டாவதாக ஒரு டூரிங் பைக் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் காணொளி பார்க்காத இரவு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். பைக்கை விமர்சிக்கிற இந்த ஆண்கள் அனைவரும் தனி ஆட்களாகவே ஓட்டுகிறார்கள். இன்ஜினைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறார்கள், சைலன்சர் சத்தத்தைக் கண்ணை மூடி ரசிக்கிறார்கள், கடைசியில் "பின்னால் உட்காருபவருக்கும் பரவாயில்லை" என்று ஒரு வரி சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பரவாயில்லையின் மேல் முந்நூறு கிலோமீட்டர் உட்காரப் போகிறவள் நான். ஆகவே எனக்கும் கொஞ்சம் பேச இருக்கிறது.

என் கட்சி இதுதான். கணவனும் மனைவியும் ஊர் சுற்றுவதற்கென்று வாங்கும் பைக்கைப் பின் இருக்கையிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னால் உட்காருபவர் எந்த பைக்குக்கும் சில நாளில் பழகிவிடுவார். பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, பிரேக் எப்போது பிடிக்கப் போகிறோம் என்பது அவருக்கு முன்பே தெரியும், குழி வருவதைப் பார்த்து உடம்பை இலேசாகத் தூக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்குக் குழியில் விழுந்த பிறகுதான் அது குழி என்று தெரியும்.

"இருக்கிற பைக் போதாதா?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு ஓட்டும் 125 சிசி பைக்கில் நாங்கள் குற்றாலம் போயிருக்கிறோம், திருச்செந்தூர் போயிருக்கிறோம். அந்தத் தூரத்துக்கு அது போதும். நாற்கரச் சாலையில் இருவரும் ஒரு பையுமாக ஏறினால்தான் சங்கடம். எழுபதைத் தொட்டதும் இன்ஜின் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுகிறது. ஆம்னி பஸ் கடந்து போகையில் அது கிளப்பும் காற்றைச் சமாளிக்கக் கையிருப்பு எதுவும் இருப்பதில்லை. ஆனால் அந்த பைக்கை விற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பாளையங்கோட்டைச் சந்துகளுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் அது இருந்தால்தான் இரண்டாவது பைக் மைலேஜ், நெரிசல், நிறுத்த இடம் என்கிற கவலைகளிலிருந்து விடுபடும். இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி தேடுபவர்கள்தான் இரண்டுக்கும் ஒத்துவராத ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

அடுத்தது பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம். 349 சிசியில் நிற்கும் ராயல் என்ஃபீல்டு மீட்டியர், 348 சிசி ஹோண்டா ஹைனெஸ், 249 சிசி சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். 452 சிசி ஹிமாலயன், 648 சிசி சூப்பர் மீட்டியர் எல்லாம் அந்தப் பக்கம். வீட்டில் சிக்கனம் பேசுகிறவள் நான்தான் என்பதால் இந்தக் கோடு எனக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் வரியை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை.

குதிரைத் திறன் விவகாரத்துக்கு வருகிறேன். நண்பர்கள் கூடினால் இதுதான் பேச்சு. மீட்டியரில் 20, ஹிமாலயனில் 40, சூப்பர் மீட்டியரில் 47. "ரெண்டு பேர் போக இருபது எப்படிப் போதும், மாப்பிள்ளை?" என்று அவருடைய நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார். நாற்கரச் சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகமே 80 கிலோமீட்டர்தான். மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு 130-இல் போகிற திட்டம் யாருக்கும் இருந்தால், அந்த மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசட்டும்.

மலை ஏறுவதுதான் உண்மையான சோதனை. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. வளைவில் எதிரே பஸ் வந்து நின்றுவிட்டால், நின்ற இடத்திலிருந்து இருவரையும் பைகளையும் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அங்கே உச்ச சக்தி உதவாது. இன்ஜின் குறைவான சுழற்சியில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் கணக்கு. ஹைனெஸ் தன் உச்ச இழுவையான 30 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 3000 சுழற்சியிலேயே தருகிறது. மீட்டியர் 27-ஐ 4000-இல் தருகிறது. வி-ஸ்ட்ராம் தன் 22-ஐத் தொட 7000-க்கு மேல் போக வேண்டும். இலகுவான, நல்ல வண்டிதான், 167 கிலோ. ஆனால் வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து இன்ஜினைக் கத்தவிட வேண்டும். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் போய் மோதும். கணவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நூறாவது மோதலில் தலைவலி எங்களுக்குத்தான் வருகிறது.

இனி இருக்கை. அகலமும் மென்மையும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மிக மென்மையான இருக்கை முதல் அரை மணி நேரம் சொர்க்கம், பிறகு அடியில் இருக்கும் தகடு தெரிய ஆரம்பிக்கும். சற்றுக் கெட்டியாக இருப்பதே நெடுந்தூரத்துக்கு நல்லது. அதைவிட முக்கியமானது இருக்கையின் சரிவு. முன்பக்கமாகச் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் வழுக்கி அவர் முதுகில் போய்ச் சேர்வேன், பிறகு உந்திப் பின்னால் வருவேன். புதிதாகக் கல்யாணமானவர்கள் இதைப் பெரிய வசதி என்று நினைக்கலாம். கோவில்பட்டி தாண்டியதும் நினைக்க மாட்டார்கள்.

கால் வைக்கும் இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. வேகத்துக்கென்று செய்த பைக்குகளில் பின்னால் இருப்பவரின் முழங்கால் நெஞ்சுக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும், இருக்கையோ ஒரு கை அகலத்தில் உயரமாகத் தூக்கி நிற்கும். அவற்றில் பக்கத்துத் தெருவுக்குப் போகலாம், பக்கத்து மாவட்டத்துக்குப் போகக் கூடாது. மடங்கிய முழங்காலின் கோணம் தொண்ணூறு பாகைக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பது என் அளவுகோல். கால்மிதிக்கும் சைலன்சருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, வெப்பம் கணுக்காலில் அடிக்கிறதா என்பதையும் இருபது நிமிடம் ஓட்டிய பிறகு பார்க்க வேண்டும், நின்றிருக்கும் வண்டியில் அது தெரியாது. அப்புறம் முதுகுச் சாய்மானம். இது அலங்காரம் அன்று. சாய்மானம் இல்லாத வண்டியில் வயிற்றுத் தசையால்தான் உட்கார்ந்திருக்கிறோம், ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் அது இறுகுகிறது.

இங்கே ஒரு குறை சொல்லியாக வேண்டும். பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைப்பிடி, கால்மிதி, உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. நம் இளைஞர்கள் பைக் வாங்கிய மறுவாரம் செய்யும் முதல் வேலை அந்த சேலை கார்டைக் கழற்றிப் பரணில் போடுவது. அழகு கெடுகிறதாம். துப்பட்டா சக்கரத்தில் சுற்றிய விபத்துச் செய்திகளைப் படித்துக்கொண்டே கழற்றுகிறார்கள்.

உயரம்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. அவருக்கு ஆசை ஹிமாலயன் மேல். நானும் அந்த வண்டியை மதிக்கிறேன். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அசையும் சஸ்பென்ஷன், 17 லிட்டர் டேங்க். மோசமான சாலையில் என் இடுப்புக்கு அதைவிட நல்லது இந்த விலையில் இல்லை. லடாக், ஸ்பிதி என்று போகிறவர்கள் யோசிக்காமல் அதை வாங்கலாம். ஆனால் அதில் ஓட்டுபவரின் இருக்கையே 825 மில்லிமீட்டர், பின் இருக்கை அதற்கும் மேலே. பக்கப் பெட்டிகளை மாட்டி, பின்னால் ஒரு பெட்டியும் வைத்துவிட்டால், சுடிதார் போட்ட ஐந்தடிப் பெண் அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சர்க்கஸ். கால்மிதியில் ஏறி நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடியும். அந்த நேரத்தில் வண்டி ஒரு பக்கம் சாயும். அதைத் தாங்கவேண்டிய அவர் காலோ பெருவிரல் நுனியில் நிற்கிறது. சரளைக்கல் கிடக்கும் டீக்கடை ஓரம், சரிவான வாகன நிறுத்தம், மலைப்பாதையில் திரும்பும் இடம் இங்கெல்லாம்தான் ஜோடியாகப் போகிறவர்கள் கீழே விழுகிறார்கள், அதுவும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது. 196 கிலோ வண்டி, இருவர், சாமான் என்று கூட்டினால் முந்நூற்று ஐம்பதைத் தாண்டுகிறது. இரண்டு உள்ளங்காலும் தரையில் பதியாமல் அந்த எடையைத் தாங்குவதாகச் சொல்கிறவர் என்னைப் பின்னால் ஏற்ற வேண்டாம்.

மீட்டியரின் இருக்கை 765 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியரின் இருக்கை 740. பின்னது 241 கிலோ. ஓடும்போது கோவில் தேர் போல அசையாமல் போகும், அதை மறுக்கவில்லை. ஆரல்வாய்மொழியில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் பக்கக் காற்று தெரிந்தவர்களுக்குக் கனமான வண்டியின் அருமை தெரியும். முப்பந்தல் காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு வாசல் சரிவு. தினமும் உள்ளே தள்ளி நிறுத்தவேண்டியவர் அவர், அவர் இல்லாத நாளில் நான்.

ஆம், நான். இந்தப் பேச்சில் யாருமே கேட்காத கேள்வி இது: மனைவியும் ஓட்டுவாரா? நான் ஓட்டுவேன். ஸ்கூட்டருக்கு வாங்கிய கியர் இல்லாத உரிமம் இதற்குச் செல்லாது என்பதால் கியர் உள்ள வண்டிக்கும் சேர்த்து உரிமம் வாங்கிவிட்டேன். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நேரான பாதையில் ஒரு மணி நேரம் நான் ஓட்டினால் அவர் முதுகுக்கும் ஓய்வு. அதோடு, பின் இருக்கையில் அவரை உட்காரவைத்துப் பார்ப்பதைவிட என் வாதத்துக்கு வலுவான சாட்சி வேறில்லை. முதல் வேகத்தடையிலேயே "மெதுவாகப் போ" என்றார்.

சுமையைப் பற்றிக் கொஞ்சம். பின்னால் பெட்டி வைத்தால் அதுவே சாய்மானம் ஆகிவிடும் என்பது ஆண்கள் சொல்லும் வாதம். அந்தப் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதில் கனத்தை ஏற்ற ஏற்ற முன் சக்கரம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில்பார் ஆட்டம் காட்டும். பெட்டியோடு வரும் கையேட்டிலேயே சில கிலோதான் அளவு என்று அச்சிட்டிருக்கிறது, நாம் அதில் தண்ணீர் பாட்டில்களையும் இரண்டு கிலோ அல்வாவையும் அடைக்கிறோம். சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் துணிப்பைகள் எவ்வளவோ மேல். இருவர் ஏறினால் டயர் காற்றைக் கூட்டுவது, பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஓரிரு படி இறுக்குவது இரண்டும் ஐந்து நிமிட வேலை. அதற்கான ஸ்பேனர் இருக்கைக்கு அடியில் கிடப்பதே பலருக்குத் தெரியாது. "இருக்கை சரியில்லை" என்று மாற்றப் பணம் செலவழிப்பதற்கு முன் அதை எடுத்துப் பார்க்கலாம்.

டேங்க் கொள்ளளவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மீட்டியரின் டேங்க் 15 லிட்டர், என் இடுப்பு ஒன்றரை மணி நேரம். எது முதலில் தீரும் என்பது தெரிந்ததே. சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் வழியைத் தீர்மானிக்கிறேன், பெட்ரோல் அதன் கூடவே கிடைத்துவிடும். தேசிய நெடுஞ்சாலையில் பைக்குக்குச் சுங்கம் இல்லை. பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு அனுமதியே இல்லை என்பதை அந்தப் பக்கம் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கப் போனபோது முதல் ஷோரூமில் அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எனக்கு சோபாவைக் காட்டினார்கள். "மேடம் உட்காருங்கள், சார் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்." இருவராகத்தான் போவோம் என்றதற்கு முடியாது என்றார்கள், வெளியே வந்துவிட்டோம். இன்னொரு ஷோரூமில் பணிபுரிந்த பெண் தானே வந்து என் உயரத்தைப் பார்த்து, சாய்மானமும் முன் கண்ணாடியும் உள்ள மீட்டியரை எடுத்துத் தந்தார். மூன்று வேகத்தடை, ஒரு மேம்பாலம், தோண்டிப் போட்ட ஒரு தெரு எல்லாம் வருகிறபடி நான்தான் வழி சொன்னேன். அந்தத் தெருவில் பின் ஷாக் அப்சார்பர்கள் என் முதுகைக் கொஞ்சம் பதம் பார்த்தன, ஹிமாலயனாக இருந்தால் தெரிந்திருக்காது. மற்ற எல்லாவற்றிலும் என் பட்டியலோடு ஒத்துப்போனது. நாங்கள் போவது பெரும்பாலும் தார்ச்சாலை.

முன்பணம் கட்டியாகிவிட்டது. பின்னால் பெட்டி வேண்டும் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் துணிப்பை போதும் என்று நான். வண்டி வருவதற்குள் பேசி முடித்துவிடுவோம்.