லேப்டாப் மறுபடியும் ஊமையாயிடுச்சு

பெங்களூரு சில்க் போர்டு நெரிசல்ல நசுங்கி பெல்லந்தூர் ஆபீசுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தா, சத்தமே இல்ல. ராத்திரி ஏதோ அப்டேட் ஓடியிருக்கு. எனக்குக் கண் தெரியாது; திரையில இருக்குறதை வாய்விட்டுப் படிச்சுச் சொல்ற என்னோட ஸ்கிரீன் ரீடர் என்விடிஏவை (NVDA) "அனுமதியில்லாத மென்பொருள்"னு தூக்கிடுச்சு. கேம், டொரன்ட் இதெல்லாம் இருக்குற பட்டியல்லயே இதுவும்! இது முதல் தடவை இல்ல, அதான் வயிறு எரியுது.

உங்க மானிட்டரை அணைச்சுட்டு "வேலையைப் பாருங்க"ன்னா பார்ப்பீங்களா? எனக்கு அதேதான் நடக்குது.

ஹெல்ப்டெஸ்க்ல நம்ம மதுரைக்காரர்தான். "தம்பி, டிக்கெட் போடுங்க." அண்ணே, அந்தப் புகார் டிக்கெட் போடுற பக்கத்தை எதை வச்சுண்ணே படிக்கிறது? கடைசியில பக்கத்து சீட்டுப் பையன் அவன் வேலையை விட்டுட்டு வந்து போட்டான். "விண்டோஸ்லயே நேரேட்டர்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் இருக்கே"ன்னு ஒரு மேனேஜர் யோசனை வேற. இருக்கு சார். எங்க பழைய அப்ளிகேஷனைத் திறந்தா "பட்டன், பட்டன், பட்டன்"னு மட்டும் படிக்கும். என்விடிஏவை இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேருந்தே போர்ட்டபிளா ஓட்டலாம்னா யூஎஸ்பிக்கும் பூட்டு. ஓடினாலும், அட்மின் அனுமதி கேக்குற திரை வந்துட்டா போர்ட்டபிள் என்விடிஏ அங்க வாயே திறக்காது.

செக்யூரிட்டி வேண்டாம்னு நான் சொல்லல. யூஎஸ்பியைப் பூட்டுங்க, அட்மின் உரிமையை நீங்களே வச்சுக்கங்க. என்விடிஏவை அனுமதிப் பட்டியல்ல நிரந்தரமா சேர்த்து, புது வெர்ஷனையும் நீங்களே தள்ளிவிடுங்க. அப்டேட்டை எல்லாருக்கும் அனுப்புறதுக்கு முன்னாடி சோதிக்கிற குழுவுல எங்கள்ல ஒருத்தரைப் போடுங்க. இவ்வளவுதானே கேக்குறேன்?

"ஓபன் சோர்ஸ், ரிஸ்க்"குங்கறாங்க. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்ங்கற பார்வையற்றவர் தொடங்கினது அது. கோடு முழுக்க வெளியில கிடக்கு, எடுத்து அலசிப் பாருங்களேன்! சரி, காசு குடுத்து ஜாஸ்ங்கற (JAWS) இன்னொரு ஸ்கிரீன் ரீடரை வாங்கிக் குடுங்கன்னா பட்ஜெட் இல்லையாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதியை மறுக்கிறதையே பாகுபாடுன்னு சொல்லுது. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிடணும். எங்க கம்பெனியும் ஜோரா வெளியிட்டிருக்கு, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பா, எழுத்தே இல்லாத வெறும் படமா. என்விடிஏ அதைத் திறந்தா "காலி ஆவணம்"ங்குது.

சாயங்காலம் ஒருவழியா அனுமதி வந்துச்சு. தற்காலிக விலக்காம், இந்த மாசக் கடைசி வரைக்கும். அதுக்குள்ள எனக்குப் பார்வை வந்துடும்னு எந்த டாக்டர் இவங்ககிட்ட சொன்னாரோ!