மேரியைப் பார்த்தால் போதும்

சேகர்: ஆகஸ்ட்ல குடும்பத்தோட பிரான்ஸ் வர்றோம்ல, ஒரே ஒரு கேள்விதான்க்கா. துலூஸ்ல நம்பர் ஒன் ஸ்கூல் எது?

வசந்தா: வீடு எங்க எடுத்திருக்க?

சேகர்: வீடு அப்புறம்க்கா. ஸ்கூல் முடிவானாத்தான் வீடு.

வசந்தா: இங்க வீடு முடிவானாத்தான் ஸ்கூல்.

சேகர்: அது விவரம் தெரியாதவங்களுக்கு. நான் எக்ஸெல்ல லிஸ்ட்டே போட்டாச்சு. ரேட்டிங், நீச்சல் குளம், ஏசி, டீச்சருங்க எந்த நாடு, எல்லாத்துக்கும் தனித்தனி காலம்.

வசந்தா: உன் வீட்டு விலாசம் எந்தக் காலத்துல இருக்கு?

சேகர்: அதுதான் இன்னும் இல்லையே.

வசந்தா: அப்ப அதை மூடி வை. வாடகை பத்திரம், கரண்ட் பில்லு ரெண்டையும் எடுத்துக்க. கவினுக்கு எந்தப் பள்ளிக்கூடம்னு மேரி சொல்லும்.

சேகர்: யாரு?

வசந்தா: மேரிதான்டா. மூணு வயசுலேர்ந்து பத்து வயசு வரைக்கும் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்னு பிரிச்சுக் குடுக்கறதே அதுதான்.

சேகர்: (போனைப் பொத்திக்கொண்டு, உள்ளறையைப் பார்த்து) ப்ரியா! அக்காவுக்கு மேரின்னு ஒரு அம்மாவைத் தெரியுமாம். பெரிய கை போலிருக்கு! (போனில்) அக்கா, அவங்க உங்களுக்கு ரொம்பப் பழக்கமா?

வசந்தா: பழக்கமாவா? எனக்குச் சம்பளம் குடுக்கறதே மேரிதான். பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறவங்களுக்கு அரசாங்கம் குடுக்கும். எங்களை மாதிரி மூக்குத் துடைச்சு விடறவங்களுக்கு மேரி குடுக்கும்.

சேகர்: சொந்தக் காசுலயா?

வசந்தா: பின்ன? வரி வசூல் பண்ணுதுல்ல.

சேகர்: (மறுபடி பொத்திக்கொண்டு) வசூல் எல்லாம் பண்றாங்களாம். தாதா மாதிரி. (போனில்) அக்கா, நீங்க இருக்கறது பாரிஸ் பக்கம். உங்க மேரி சொன்னா துலூஸ்ல கேப்பாங்களா?

வசந்தா: துலூஸுக்கு வேற மேரி இருக்கு. ஊருக்கு ஒரு மேரி உண்டுடா. நாடு பூரா ஏறக்குறைய 35,000 இருக்கும்.

சேகர்: 35,000 மேரியா! கத்தோலிக்க நாடுன்னு சொன்னாங்க, அதுக்காக இப்படியா?

வசந்தா: என்ன உளர்றே?

சேகர்: ஒண்ணுமில்லக்கா. துலூஸ் மேரிக்கு என்ன வாங்கிட்டு வரலாம்? காஞ்சிபுரம் பட்டு ஒண்ணு எடுத்துடட்டுமா?

வசந்தா: மேரிக்கு எதுக்குடா பட்டு? பிறப்புச் சான்றிதழ் கொண்டா. பிரெஞ்சுல மொழிபெயர்த்து, முத்திரை குத்தி. தடுப்பூசி அட்டை முக்கியம். 2018-லயோ அதுக்கு அப்புறமோ பொறந்த பிள்ளைன்னா ஊசி விஷயத்துல ரொம்பக் கறார்.

சேகர்: ஸ்ட்ரிக்ட்டான லேடின்னு சொல்லுங்க. எப்ப போனா பாக்கலாம்?

வசந்தா: காலையில போ. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நிறைய ஊர்ல மூடிரும்.

சேகர்: எதை?

வசந்தா: கதவைத்தான். கண்டுபிடிக்கறது சுலபம், தலை மேல கொடி பறக்கும்.

சேகர்: தலை மேலயா?

வசந்தா: ஆமா. நெத்தியில பெருசா எழுதியிருக்கும், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்னு.

சேகர்: நெத்தியில பச்சை குத்தியிருக்காங்களா! அக்கா, இவ்வளவு தேசபக்தி உள்ள அம்மாகிட்ட பட்டுப் புடவையோட போனா தப்பா எடுத்துக்க மாட்டாங்களே?

(மறுமுனையில் சத்தமே இல்லை. குழந்தைகள் யாரோ கத்துவது மட்டும் கேட்கிறது.)

வசந்தா: டேய். மேரின்னா யாருன்னு நெனச்சுக்கிட்டிருக்க?

சேகர்: உங்க… மேடம் இல்லையா?

வசந்தா: முனிசிபாலிட்டிடா! பாண்டிச்சேரிக்கு வரும்போதெல்லாம் பீச்சுல அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டியே, அது என்ன? 2014 மழையில இடிஞ்சு விழுந்து, அப்புறம் அதே மாதிரி கட்டினாங்களே, அதுக்கு ஊர்ல என்ன பேரு?

சேகர்: போட்டோவுல பேர் விழாதேக்கா.

(நியாயம்தான். எல்.கே.ஜி. சீட்டுக்கு எம்.எல்.ஏ. கடிதத்தோடு அலைந்த சென்னைக்காரருக்கு முனிசிபாலிட்டி என்றால் கொசு மருந்து அடிப்பவர்கள். அவர்கள் போய் பள்ளிக்கூடம் ஒதுக்குவார்கள் என்று அவர் எப்படி நம்புவார்?)

சேகர்: ஒரு நிமிஷம். முனிசிபாலிட்டி ஒதுக்குதுன்னா… அது கார்ப்பரேஷன் ஸ்கூலா?

வசந்தா: ஆமா.

சேகர்: என் பையனுக்கா?

வசந்தா: உன் பையனுக்கு என்ன, ரெண்டு தலையா? எங்க பள்ளிக்கூடத்துல டாக்டர் பிள்ளையும் இருக்கு, குப்பை வண்டி ஓட்டறவர் பிள்ளையும் இருக்கு. ரெண்டு கோட்டையும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில நான்தான் மாட்டறேன்.

சேகர்: எல்லா ஏரியாவுலயும் அப்படியா?

வசந்தா: அது எப்படி? பணக்காரத் தெருவுல பணக்காரப் பிள்ளைங்க அதிகம். இங்கயும் டொனேஷன் உண்டு. வீட்டு வாடகைன்னு பேரு.

சேகர்: அப்ப வாடகை ஜாஸ்தியான ஏரியாவா பாக்கறேன். கவினுக்கு இன்டர்வியூ ட்ரெயினிங் ஆரம்பிச்சாச்சுக்கா. பேரு, வயசு, அஞ்சு பழம், அஞ்சு மிருகம் எல்லாம் பிரெஞ்சுலயே சொல்றான்.

வசந்தா: இன்டர்வியூவா? நாலு வயசுப் பிள்ளைக்கு? மூணு வயசாச்சுன்னா படிப்பு கட்டாயம்னு 2019-ல சட்டமே வந்தாச்சு. இடம் இல்லைன்னு சொல்ல மேரிக்கே உரிமை கிடையாது. இருக்கறது ஒரே இன்டர்வியூ, அதை எடுக்கறது நான்தான்.

சேகர்: அய்யோ, என்ன கேப்பீங்க?

வசந்தா: ஒண்ணுக்கு வந்தா சொல்லத் தெரியுமா?

சேகர்: அதெல்லாம் தெளிவா சொல்லுவான். "ஐ வான்ட் டு கோ சூசூ"ன்னு.

வசந்தா: துலூஸ்ல யாருக்குப் புரியும்?

சேகர்: அதுக்குத்தான்க்கா இன்டர்நேஷனல் ஸ்கூல் பாக்கறேன்! அங்க புரியும். வருஷத்துக்கு 18,000 யூரோ.

வசந்தா: ஒண்ணுக்குப் போறதுக்கா?

சேகர்: மொத்தமா சொல்றாங்க.

வசந்தா: என் ஒரு வருஷச் சம்பளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவ்வளவு குடுக்கறதுன்னா நானே துலூஸ் வந்து உன் பிள்ளைக்குப் புரிஞ்சுக்கறேன்.

சேகர்: பெரியவளுக்கும் சேத்தா 36,000 ஆகுதுக்கா. கம்பெனி தர முடியாதுன்னுட்டான்.

வசந்தா: தனியார்தான் வேணும்னா அரசாங்க ஒப்பந்தத்துல இருக்கற பள்ளிக்கூடம் பாரு. வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தோடது, அதனால ஃபீஸ் தாங்கும். பாதிரியார் பள்ளிக்கூடங்க முக்கால்வாசி அப்படித்தான். ஆனா முன்னாடியே எழுதிப் போடணும். நீ ஆகஸ்ட்ல இறங்கி செப்டம்பர்ல கேட்டா கதவுகூடத் திறக்க மாட்டாங்க. சரி, நிலாவுக்கு என்ன வயசு?

சேகர்: இந்த வருஷம் பதினொண்ணு.

வசந்தா: அவளுக்கு மேரி இல்லை. அவ கொலேஜ் போறா.

சேகர்: காலேஜா! (அறை அதிர) ப்ரியா! நிலாவுக்கு நேரா காலேஜ்! அம்மாவுக்குப் போன் போடு!

வசந்தா: டேய், டேய்! நம்ம ஊரு ஆறாம் கிளாஸ்டா. ஆறுலேர்ந்து நாலு வருஷத்துக்குப் பேரு அது.

சேகர்: அப்ப ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது.

வசந்தா: இல்ல. ஆறு, அஞ்சு, நாலு, மூணு.

சேகர்: ஏறுதா இறங்குதா?

வசந்தா: இறங்கும். அப்புறம் லிசேன்னு மேல்நிலைப் பள்ளி, அதுல ரெண்டு, ஒண்ணு, கடைசியில தெர்மினால். ராக்கெட் விடற மாதிரி எண்ணிக்கிட்டே வந்து பதினெட்டு வயசுல பிள்ளையைப் பறக்க விடுவாங்க.

சேகர்: மாமியார் வீட்ல கேட்டா என்னன்னு சொல்றது? போன வருஷம் ஆறாவது, இந்த வருஷம் அஞ்சாவதுன்னா பிள்ளை ஃபெயில்னுல்ல நெனப்பாங்க?

வசந்தா: காலேஜ்ல படிக்குதுன்னு சொல்லு. இப்ப சொன்னியே, அதே மாதிரி.

சேகர்: (முணுமுணுப்பாக) அது நல்லாத்தான் இருக்கு.

வசந்தா: நல்லாக் கேட்டுக்க. வெளிநாட்டுலேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்குன்னு அரசாங்கப் பள்ளிக்கூடங்கள்லயே தனி பிரெஞ்சு வகுப்பு இருக்கு. எல்லா இடத்துலயும் இருக்காது, எங்கன்னு கஸ்னாவ்ல கேளு, கல்வித் துறையில அதுக்குன்னே இருக்கற ஆபீஸ். அவங்கதான் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்னு பாத்து எந்த வகுப்புன்னு சொல்வாங்க. கொஞ்ச நேரம் அந்த வகுப்பு, மிச்ச நேரம் மத்த பிள்ளைங்களோட கணக்கு, விளையாட்டு. காசு கிடையாது.

சேகர்: காசு கிடையாதுன்னா தரம் எப்படிக்கா இருக்கும்?

வசந்தா: உன்னை என்ன பண்றது! சரி, இங்கிலீஷ் விட்டுப் போகக் கூடாதுன்னா கொலொமியே போய்ப் பாரு, துலூஸுக்குப் பக்கத்துலயே இருக்கு. விக்டர் ஹ்யூகோ பேர்ல கொலேஜும் இருக்கு, சர்வதேச லிசேயும் இருக்கு, ரெண்டும் அரசாங்கத்தோடதுதான். நுழையறதுக்கு டெஸ்ட் வைப்பாங்க.

சேகர்: டெஸ்ட்டா! இதைத்தான்க்கா நான் மொதல்லேர்ந்து கேட்டேன்! டெஸ்ட் இருந்தாத்தான் அது ஸ்கூல்.

(எக்ஸெல்லில் புதிதாக ஒரு வரிசை சேர்க்கப்படும் தட்டச்சுச் சத்தம். அந்த மனிதருக்கு இப்போதுதான் பிரான்ஸ் மேல் மரியாதை வந்திருக்கிறது.)

சேகர்: மொத்தத்துல என் ஆசை என்னன்னா, பிள்ளைங்க ரெண்டு மொழியோட வளரணும்க்கா. பை-லிங்குவல்.

வசந்தா: இப்பத்தான் உருப்படியா ஒண்ணு சொன்னே. என் பையனை அப்படித்தான் வளத்தேன். பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு, வாரக் கடைசியில தமிழ் வகுப்பு. யாழ்ப்பாணத்து ஆளுங்க நடத்தறாங்க, பிள்ளைங்க அங்க அழகா எழுதும். துலூஸ்லயும் விசாரிக்கறேன்.

சேகர்: தமிழா? இல்லக்கா, நான் சொன்னது இங்கிலீஷ், பிரெஞ்சு.

வசந்தா: ஓ.

சேகர்: அதுதானே ரெண்டு.

வசந்தா: வீட்ல நீங்க பேசறது?

சேகர்: அது வீட்ல பேசறதுக்கா. அது கணக்குல வராது.

வசந்தா: எக்ஸெல்ல காலம் இல்ல.

சேகர்: அப்படி இல்லக்கா…

வசந்தா: நிலா சித்திகிட்ட என்ன மொழியில பேசறா? சித்திக்கு இங்கிலீஷ் வராதே.

சேகர்: அம்மா கொஞ்சம் கத்துக்கிட்டாங்க. "ஈட், ஈட்"ன்னு சொல்லுவாங்க. "ஸ்லீப்"கூட வரும்.

வசந்தா: எழுபது வயசுல பேத்தியோட பேசறதுக்கு என் சித்தி இங்கிலீஷ் படிக்கறா. அவளுக்குத்தான்டா நீ ஃபீஸ் கட்டணும்.

சேகர்: குழப்பம் வேண்டாம்னுதான்க்கா. மூணு மொழின்னா பிள்ளை தாங்குமா? அங்க வந்ததும் வீட்லயும் பிரெஞ்சே பேசிடலாம்னு ப்ரியாவும் நானும் ஆப் போட்டுப் படிக்கறோம்.

வசந்தா: பேசேன், பாப்போம்.

சேகர்: (தொண்டையைச் செருமி) மேரி… மெர்சி… மெர்சி போக்கு… மேரி போக்கு.

வசந்தா: ஏன்டா, உனக்கே வராத மொழியில உன் பிள்ளைகிட்ட என்னத்தைப் பேசுவே? திட்டுவியா, கொஞ்சுவியா? எங்க மெத்ரெஸ், அதான் டீச்சரம்மா, ஒவ்வொரு செப்டம்பரும் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்றாங்க, பிரெஞ்சை எங்ககிட்ட விடுங்க, வீட்ல உங்க மொழியிலயே கதை சொல்லுங்கன்னு. வீட்ல நல்லாப் பேசற பிள்ளைதான் இங்கயும் சீக்கிரம் வாயைத் திறக்குது. நான் கண்ணால பாக்கறேன். அரைகுறைப் பிரெஞ்சுல வளந்து வர்ற பிள்ளைக்குத்தான் அதுவும் இல்ல இதுவும் இல்ல.

(இந்த இடத்தில் சேகர் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு வேறொரு கவலை வந்துவிட்டது.)

சேகர்: லஞ்சுக்கு டப்பா கட்டி அனுப்பலாமாக்கா?

வசந்தா: முடியாது. அலர்ஜி இருக்கற பிள்ளைக்கு மட்டும், அதுவும் டாக்டர் எழுதிக் குடுத்தா. இல்லன்னா கான்டீன், இல்லன்னா மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சோறு போட்டு திரும்பக் கொண்டு விடு. கான்டீன் காசு உன் வருமானத்தைப் பொறுத்தது.

சேகர்: எனக்கு ஜாஸ்தி வருமானம்னா?

வசந்தா: ஜாஸ்தி வாங்கும்.

சேகர்: யாரு?

வசந்தா: மேரி.

சேகர்: மேரியை நெனச்சாலே இப்ப பயமா இருக்கு. வெஜிடேரியன் கிடைக்குமா?

வசந்தா: வாரத்துல ஒரு நாள் கறி மீன் இல்லாம போடணும்னு சட்டம். மத்த நாள் ஊரைப் பொறுத்தது, கேட்டுக்க. புதன்கிழமை நிறைய ஊர்ல பள்ளிக்கூடமே கிடையாது, சில ஊர்ல காலையில மட்டும். அன்னிக்கு யார் பாத்துக்கறதுன்னு ரெண்டு பேரும் இப்பவே பேசி வைங்க. உன் லிஸ்ட்ல நீச்சல் குளத்தைவிட அதுதான் முக்கியம்.

சேகர்: புதன்கிழமை லீவா? வாரத்துக்கு நடுவுலயா? அந்தப் பிள்ளைங்க எப்படி ஜே.இ.இ. பாஸ் பண்ணும்?

வசந்தா: சின்னதுங்க தூங்கி எழுந்துருச்சு. இருபத்தஞ்சு ஜோடி ஷூ மாட்டணும், வை போனை.

சேகர்: அக்கா, அக்கா, ஒரே ஒரு விஷயம். அந்த 18,000 யூரோ ஸ்கூல்ல குதிரை ஏத்தம் சொல்லித் தர்றாங்களாம்.

வசந்தா: நிலாவுக்கு பூனையைப் பாத்தாலே பயமாச்சேடா.