திறந்தால் மட்டும் போதாது
"ரிலீஃப் வால்வும் சேஃப்டி வால்வும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, செட் பிரஷர் (வால்வு திறக்க வேண்டிய அழுத்தம்) சரியாக இருந்தால் எதை மாட்டினாலும் ஓடும்" என்று, அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றும் வால்வுகளைப் பற்றிய இந்தக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதை அப்படியே விட முடியாது. நீராவி பாய்லரில் சேஃப்டி வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதில்லை. ஸ்பிரிங் அழுத்தி வால்வின் வாயை மூடி வைத்திருக்கும் டிஸ்க் சற்றே எழும்பியதும் வெளியேறும் நீராவி விரிந்து டிஸ்க்கின் இன்னும் பெரிய பரப்பைத் தள்ளுகிறது, அதனால் ஸ்பிரிங்கை மீறிப் படக்கென்று முழுசாகத் திறந்துவிடும், அழுத்தம் செட் பிரஷருக்குச் சில சதவீதம் கீழே இறங்கிய பிறகுதான் மூடும். தண்ணீர், எண்ணெய் எல்லாம் அப்படி விரியாது. அங்கே ரிலீஃப் வால்வு அழுத்தம் ஏற ஏறத் திறந்து, இறங்க இறங்க மூடும், பம்ப் லைனுக்கு அதுதான் தேவை. நீராவிக்கான வால்வைக் கொண்டுபோய்த் தண்ணீர் லைனில் மாட்டினால் படபடவென்று அடித்துக்கொண்டு டிஸ்க் உட்காரும் சீட்டைக் கெடுத்துவிடும், குழாயில் அதிர்ச்சி வேறு. அப்புறம், மேலே கருத்திட்ட ஒருவர் பெரிய சைஸ் வால்வு போட்டால் பாதுகாப்பு கூடும் என்கிறார். இல்லை, தேவைக்கு மிஞ்சிய சைஸும் இதே படபடப்பைத்தான் தரும். கட்டுரை திறப்பதைப் பற்றியே பேசுகிறது, மூடுவதும் பாதி வேலை: 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ரிலீஃப் வால்வு ஒழுங்காகத்தான் திறந்தது, திரும்ப மூடவில்லை; கட்டுப்பாட்டு அறை விளக்கோ மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டுமே காட்டியது, வால்வு நிஜமாக மூடியதா என்பதை அல்ல, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்து உலை மையத்தின் ஒரு பகுதி உருகிப்போனது.