எழுதிக் கொடுத்தால் போதுமா?
ஒரு தொழிலில் எல்லோரும் பின்பற்றும் பொதுத் தரத்தில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமை இருந்தாலும், அதை நியாயமான கட்டணத்துக்குத் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஏகபோக அபாயம் இல்லை என்கிறார் கட்டுரையாளர். காப்புரிமையே இல்லை என்று எழுதிக் கொடுப்பவர்களை என்ன செய்வது? கணினிக்குள் பாகங்களை இணைக்கும் விஎல்-பஸ் என்ற தரத்துக்கு ஓட்டுப் போட்டபோது டெல் நிறுவனம் அப்படித்தான் சான்றளித்தது. எட்டே மாதத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அந்தத் தரம் ஏறிய பிறகு, அதில் தனக்குக் காப்புரிமை உண்டு என்று கிளம்பியது. 1996இல் அமெரிக்க வணிக ஆணையம் அதைத் தடுத்தது. பேரணாம்பட்டில் என் ஷூ பட்டறையிலும் இதே கதைதான்: ஒருவர் விற்கும் லாஸ்டுக்கு (ஷூ தைக்க உதவும் பாத அச்சு) ஏற்ப, தோல் வெட்டும் டைகளை (வெட்டு அச்சுகள்) எல்லாம் அடித்து முடித்த மறுமாதமே அவர் லாஸ்ட் விலையை ஏற்றினார். வேறு ஆளிடம் போனால் டைகளை எடைக்குத்தான் போட வேண்டும். கேட்டதைக் கொடுத்தேன்.