படிப்பிக்கப் பழக்காத கணினிப் பயிற்சிகள்

ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பச் செயலமர்வு வைத்தால் இலங்கையில் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. காலையில் மங்கள விளக்கு. பிறகு கூகிள் கிளாஸ்ரூம் திறப்பது, கூகிள் போம் (இணையத்தில் நிரப்பும் வினாப்படிவம்) செய்வது எப்படியென்று வளவாளர் திரையில் காட்டுவார். பின்னேரம் சான்றிதழ். திங்கட்கிழமை வகுப்பில் பழையபடி சோக்கும் கரும்பலகையும்தான். இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்வது அநியாயம். அவர்களுக்குக் காட்டியது எந்தப் பொத்தானை அமத்துவது என்பதை. அதை வைத்துப் படிப்பிப்பது எப்படியென்று ஒருவரும் காட்டவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் பூட்டியபிறகு பட்ட பாட்டை வைத்து "ஒன்லைன் எங்களுக்குச் சரிவராது" என்று முடிவு கட்டியவர்கள் நிறைய. அதே மாதத்திலேயே ஹொட்ஜஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் தெளிவாக எழுதிவிட்டார்கள்: நெருக்கடியில் அவசரத்துக்குச் செய்யும் தொலைக் கற்பித்தல் வேறு, முன்கூட்டியே திட்டமிட்டு அமைக்கும் இணையவழிக் கல்வி வேறு. 2022 இல் பெற்றோல் இல்லாமல் வகுப்புகள் மறுபடி போனுக்கு வந்தபோதும் நாங்கள் முதலாவதையே திரும்பச் செய்தோம்.

தொடங்கவேண்டிய இடம் பிள்ளை தடக்குப்படுகிற இடம். பாடம் தெரிவது ஒன்று, அதில் பிள்ளை எங்கே பிழைவிடும், எப்படி விளங்கப்படுத்தலாம் என்று தெரிவது இன்னொன்று என்று கல்வி ஆய்வாளர் லீ சுல்மன் 1986 இல் எழுதினார். 2006 இல் மிஸ்ராவும் கோலரும் அதனோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். எந்தக் கருவி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, இந்தப் பாடத்தின் இந்தச் சிக்கலுக்கு எது உதவும் என்றுதான் கேட்கவேண்டும் என்பது அவர்களின் வாதத்தின் சாரம்.

பின்னக் கூட்டலை எடுங்கள். 1/2 உம் 1/3 உம் கூட்டினால் 5/6. விடை 2/5 என்று சொல்லும் பிள்ளை தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறது. 2/6 என்று சொல்வது பொதுப்பகுதியைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் தொகுதியை மாற்றவில்லை. 1/6 என்றால் பெருக்கிவிட்டது. இந்த நான்கையும் தெரிவுகளாக வைத்து ஒரேயொரு கேள்வியை இரவு அனுப்பினால், காலையில் எந்தப் பிள்ளைக்கு எதை விளங்கப்படுத்தவேண்டும் என்று ஆசிரியரின் கையில் இருக்கும். இருபது கேள்வி போட்டு மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் இது கிடைக்காது. செயலமர்வின் பெரும்பகுதி இப்படித் தெரிவுகள் எழுதுவதில்தான் போகவேண்டும். போம் செய்யப் பழகப் பத்து நிமிடம் போதும்.

இடையில் பாமினி என்றொரு தலையிடி. எங்கள் பழைய வினாத்தாள்கள் பல பாமினியில் அடித்தவை. வேர்ட்டில் தமிழாகத் தெரிவதைப் போமில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும் எழுத்துரு என்பதே காரணம். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறை) ஆக்கி, கொம்புகளையும் கால்களையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தபிறகே ஒட்டுங்கள். அவசரமென்றால் பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள். வேர்ட் கோப்பை அப்படியே வட்ஸ்அப்பில் போட்டால் அந்த எழுத்துரு இல்லாத போனில் ஒன்றும் வாசிக்க முடியாது.

டேட்டாவையும் கணக்குப் பார்க்கவேண்டும். ஸூமில் குரல் மட்டும் என்றால் செக்கனுக்கு 60 முதல் 80 கிலோபிட். முகம் தெரியும் வீடியோ 600 அளவுக்குப் போகும். இலவசக் கணக்கின் 40 நிமிடத்துக்குக் குரல் ஏறத்தாழ 24 எம்பி, வீடியோ 180 எம்பி. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆளுக்கு நான்கு வீடியோப் பாடம் என்றால் ஒருநாளிலேயே இரண்டு ஜிபி தாண்டிவிடும். கமெராவை நிறுத்தி, எழுதுவதை மட்டும் திரையில் பகிர்ந்தாலே பெருமளவு மிச்சம். இன்னொன்று, பல வீடுகளில் இருக்கும் ஒரே போன் பகலில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். காலை எட்டு மணி நேரலை வகுப்பு அந்தப் பிள்ளைக்கு இல்லை. பதிவு செய்து அனுப்பினால் இரவு பார்க்கும்.

பதிவு செய்ய ஸ்ரூடியோ தேவையில்லை. புத்தக அடுக்கின் விளிம்பில் போனைக் கமெரா வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுக்கவைத்து, அசையாமல் மேலே ஒரு பாரம் வைத்து, கீழே ஏ4 தாளில் தடித்த கறுப்புப் பேனாவால் எழுதுங்கள். வெளிச்சம், எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இடையில் அழைப்பு வந்து பதிவு குழம்பாது. ஒரு பதிவில் ஒரு கணக்கு. 2014 இல் குவோவும் கூட்டாளிகளும் 69 இலட்சம் பார்வைகளை ஆராய்ந்தபோது, ஆறு நிமிடத்துக்கு மேல் வீடியோவில் ஆட்கள் நிற்பது குறைவு என்றுதான் வந்தது. அது திறந்த இணையவழிப் பாடநெறிகளில் சேர்ந்தவர்களின் கணக்கு. தரம் 7 பிள்ளைக்கு நான்கு நிமிடமே போதும் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் ஒருநாளில் பழக்கமுடியாது. பயிற்றுநர் வகுப்புவரை தொடர்ந்து வந்து பின்னூட்டம் கொடுக்கும் திட்டங்கள் குறித்த 60 ஆய்வுகளை கிராஃப்ட், பிளேசர், ஹோகன் மூவரும் தொகுத்து 2018 இல் வெளியிட்டார்கள். கற்பித்தலில் 0.49 நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) முன்னேற்றம், பிள்ளைகளின் அடைவில் 0.18. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் மெலிந்ததும் அதில் இருக்கிறது. ஆகவே மாகாணம் முழுக்க ஒரேயடியாக வேண்டாம். ஓர் ஆசிரிய ஆலோசகருக்கு ஐந்தாறு ஆசிரியர்கள், ஒரு தவணை முழுக்க, இரண்டு வாரத்துக்கு ஒரு பாடத்தைப் பார்த்துக் கதைக்கவேண்டும். நேரில் வந்த பயிற்றுநருக்கும் இணையவழியில் வந்தவருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் அந்த ஆய்வில் தெரியவில்லை. நெடுந்தீவு ஆசிரியரின் பாடத்தைப் பற்றிக் கதைக்க ஆலோசகர் ஒவ்வொரு முறையும் குறிகட்டுவானில் படகேறவேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் சேர்க்கும் பழைய மாணவர் சங்கங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: ஸ்மார்ட் போர்ட் வாங்குவதற்கு முன் இந்த ஆலோசகரின் நேரத்துக்கும் ஆசிரியரின் டேட்டாவுக்கும் பணம் ஒதுக்குங்கள். பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தபோது கணிதத்திலும் மொழியிலும் அடைவு உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இணையமே எட்டாத பிள்ளைக்குச் சாதாரண ரெலிபோன் இருக்கிறது. கொவிட் காலத்தில் பொட்சுவானாவில் அங்கிரிஸ்ற் குழுவினர் சில வீடுகளுக்குக் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள், சில வீடுகளுக்கு அதோடு வாரமொரு அழைப்பும் எடுத்தார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடத்தக்க பலனில்லை. அழைப்பும் சேர்ந்த வீடுகளில் அடைவு 0.12 நியம விலகல் உயர்ந்தது. அந்த அழைப்புக்கு முன்னால் ஆசிரியர் எழுதிவைத்திருக்கவேண்டியது இவ்வளவுதான்: போனவாரம் இந்தப் பிள்ளை விட்ட பிழை, இன்று கேட்கப்போகும் ஒரு கணக்கு, பக்கத்தில் இருந்து பார்க்கும் பெரியவரின் பெயர்.